ஒழுக்கும் ஒழுக்கமும்

தமிழிலே 'ஒழுகுதல்' என்ற சொல் இரண்டு பொருளில் வழங்குகிறது. கூரை ஒழுகுகிறது, குடம் ஒழுகுகிறது என்கிறோம். பெரியோர் காட்டிய நெறியில் ஒழுகுதல் வேண்டும் என்றும் சொல்கிறோம். முன்னையதிலிருந்து 'ஒழுக்கு' பிறந்தது. பின்னையதிலிருந்து 'ஒழுக்கம்' பிறந்தது. நீர் செல்லும் வழிக்கும் மனிதன் செல்லும் வழிக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது நமது மொழி. இவ்விரண்டும் ஓரிடத்தில் வந்து சந்திப்பதை இன்று ஓர் எளிய பொருளைக்கொண்டு சிந்திப்போம். அப்பொருள், எண்ணெய் ஒழுகும் ஒரு பழைய இயந்திரம்.

கேள்வி இதுதான். இயந்திரம் என்னுடையது. அதற்குள் ஊற்றும் எண்ணெயும் என் காசில் வாங்கியது. ஒழுகினால் நட்டம் எனக்கே. குறைந்த அளவை மறுநாட் காலையில் ஊற்றி நிரப்பிவிட்டு வேலையைத் தொடருகிறேன். இதில் நான் பிறருக்குச் செய்த தீங்கு யாது? தன் பொருளிலுள்ள குறை தன்னோடு முடிந்துவிடாதா?

முதலில் இயந்திரத்தை அறிந்துகொள்வோம். 'ஸ்கிட் ஸ்டியர் லோடர்' என்பது அதன் பெயர். ஆயினும் பலரும் அதை 'பொப்கற்' என்ற வர்த்தகப் பெயராலேயே அழைப்பர். கனடாவிலே குளிர்காலத்தில் வாகனத் தரிப்பிடங்களில் பனியை அள்ளித் தள்ளும் இச்சிறு வண்டியை அங்குள்ள நம் உறவினர் நன்கறிவர். அதன் சில்லுகள் மற்றைய வாகனங்களின் சில்லுகளைப்போல இடமோ வலமோ திரும்புவதில்லை. ஒரு பக்கச் சில்லுகள் முன்னோக்கியும் மறுபக்கச் சில்லுகள் பின்னோக்கியும் சுழல, வண்டி சறுக்கியபடி நின்ற இடத்திலேயே திரும்பிவிடும். இருபக்கமும் இரண்டு கைகள். அவற்றின் நுனியில் மண்ணோ எருவோ அள்ளும் பக்கற்.

இதன் பிறப்பு ஒரு கொல்லன் பட்டறையிலே நிகழ்ந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் றொத்சே என்னும் சிற்றூரில் லூயிஸ் கெல்லர், சிறில் கெல்லர் என்ற சகோதரர் இருவர் பட்டறை நடத்திவந்தனர். வான்கோழி வளர்த்த கமக்காரர் ஒருவருக்குத் தம் கொட்டிலைத் துப்புரவாக்க வழி தேவைப்பட்டது. கொட்டிலுக்குள்ளே தூண்கள் நெருக்கமாக நின்றன. மேற்தளம் பாரமான உழவு இயந்திரத்தைத் தாங்காது. அவருக்காக 1957இல் அச்சகோதரர் மூன்று சில்லுகளுடைய சிறு வண்டியொன்றைச் செய்துகொடுத்தனர். 1958இல் வட டக்கோட்டாவைச் சேர்ந்த மெல்றோ நிறுவனம் அதனை ஏற்றுக்கொண்டது. 1960இல் அது நான்கு சில்லுகளைப் பெற்றது. 1962இல் 'பொப்கற்' என்ற பெயரையும் பெற்றது. பல பத்தாண்டுகள் உழைத்த இத்தகைய வண்டிகளை இன்னமும் திருத்தித் திருத்தி வேலை வாங்குவோர் உளர். அவர்கள் ஓயாது எதிர்கொள்ளும் தொல்லை எண்ணெய் ஒழுக்கு.

ஏன் ஒழுகுகிறது? அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்பது 17ஆம் நூற்றாண்டிலே பிளேஸ் பஸ்கால் எடுத்துக்காட்டிய விதி. சிறிய பம்பு ஒன்று எண்ணெயை அழுத்த, அவ்வழுத்தம் ஹோஸ் வழியே சென்று, சிலிண்டரின் தண்டைத் தள்ளி, பெரும் பாரத்தைத் தூக்குகிறது. எண்ணெய் 'அடைபட்டு' இருத்தல் வேண்டும் என்பதே இங்கு முதல் நிபந்தனை. ஆனால் தண்டு வெளியே வந்து உள்ளே போக வேண்டுமே! அசையும் தண்டுக்கும் அசையாத சிலிண்டருக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியை எதனால் மூடுவது?

இங்கிலாந்திலே யோசப் பிராமா என்பவர் 1795இல் நீரழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றபோது அவரை வாட்டியதும் இந்த இடைவெளிதான். இறுக்கமாக அடைத்தால் தண்டு அசையாது. தளர விட்டால் நீர் பீறிடும். அவரிடம் வேலைசெய்த ஹென்றி மோட்ஸ்லி ஒரு வழி கண்டார் என்பர். தண்டைச் சுற்றித் தோலினாலான ஒரு வளையம். அழுத்தம் ஏறும்போது அவ்வழுத்தமே தோலைத் தண்டோடு இறுக்கும். அழுத்தம் இறங்கியதும் தோல் தளர்ந்துவிடும். இன்றைய இறப்பர் சீல்கள் பலவும் இதே முறையிலேயே வேலைசெய்கின்றன. டென்மார்க்கிலே பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த நீல்ஸ் கிறிஸ்ரென்சன் 1939இல் காப்புரிமை பெற்ற 'ஓ றிங்' என்ற சிறு வளையமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆனால் இறப்பர் காலத்தால் இறுகும், வெடிக்கும். ஹோஸ் இரும்போடு உரசித் தேயும். தண்டில் ஒரு கீறல் விழுந்தால் அது அரம்போல் சீலை அறுக்கும். ஆகவே பழைய இயந்திரம் ஒழுகுவது வியப்பன்று. ஒழுகுவதை என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

பெரும்பாலோர் செய்வது ஊற்றி நிரப்புவதுதான். இதற்கு அவர்கள் சொல்லும் நியாயம், "நாலு துளிதானே" என்பது. அந்த நாலு துளியைக் கணக்கிட்டுப் பார்ப்போம். விநாடிக்கு ஒரு துளி ஒழுகுகிறது; 20 துளி சேர்ந்தால் ஒரு மில்லிலீற்றர் என்று கொள்வோம். எட்டு மணி நேர வேலையில் 28,800 துளி. அதாவது ஏறக்குறைய ஒன்றரை லீற்றர். ஆண்டுக்கு 300 நாள் வேலை என்றால் 430 லீற்றருக்கு மேல். இரண்டு பெரிய பீப்பாய் எண்ணெய், எவரும் ஊற்றாமலே நிலத்தில் ஊற்றப்பட்டுவிட்டது!

போன எண்ணெய் எங்கே போயிற்று? அது முதலிற் போகும் இடம் இயந்திரத்தின் அடித்தகடு. அங்கே தூசியும் வைக்கோலும் சருகும் எண்ணெயில் ஊறிக் கிடக்கும். சூடேறிய புகைக்குழாய் அருகிலேயே உள்ளது. இவ்வகை வண்டிகள் தீப்பற்றுவதற்கு இது அறியப்பட்ட காரணங்களில் ஒன்று. தகட்டைத் தாண்டிய எண்ணெய் மண்ணுக்குப் போகும். மண்ணுக்குப் போனது எவ்விடம் சேரும் என்பதை யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. சுண்ணக்கல் நிலத்தின் மேலே சிந்துவது கிணற்றுக்குள்ளே வந்து சேருகிறது. சுன்னாகம் பகுதியில் மின் உற்பத்தி நிலையமொன்றின் எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரில் கலந்த வழக்கிலே, கிணறுகள் பாழான மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கவேண்டுமென 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு சிறு வண்டியின் ஒழுக்கு அந்த அளவினதன்று என்பது மெய்யே. ஆனால் எண்ணெய் என் காணியில் விழுந்தது, ஆகவே என்னுடையது என்ற வாதம் நிலத்தடி நீருக்குத் தெரியாது. நீர் வேலி பார்த்து ஓடுவதில்லை.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. கார் ரயரிலுள்ள காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 30 இறாத்தல். இவ்வண்டிகளின் ஹைட்ரோலிக் எண்ணெயிலோ அது 2000 இறாத்தலுக்கும் மேற்போவது வழக்கம். ஹோஸிலே ஊசிமுனை அளவு துவாரம் விழுந்தால் அதனூடே எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழையாகப் பாயும். அவ்விழையின் குறுக்கே ஒரு விரல் வந்தால், எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியே தெரிவது முள் குத்தியதுபோன்ற ஒரு புள்ளி மட்டுமே. முதலில் நோவும் அதிகமிராது. "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு அந்தத் தொழிலாளி வேலையைத் தொடருவான். சில மணி நேரத்தில் கை வீங்கும்; உள்ளே தசை அழியத் தொடங்கும். உடனே வைத்தியசாலைக்குப் போய்ச் சத்திரசிகிச்சை செய்தாலன்றி விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். ஆதலால் ஒழுக்கைத் தேடும்போது கையை ஒருபோதும் வைக்கலாகாது; ஒரு கடதாசி மட்டையையோ பலகைத் துண்டையோ பிடித்துப் பார்க்க வேண்டும் என்பது இத்தொழிலின் முதல் விதி. தூக்கிய கைகளை அவற்றுக்குரிய தாங்கியால் முட்டுக்கொடுக்காமல் அவற்றின் கீழே தலையை நீட்டலாகாது என்பது இரண்டாவது விதி. ஏனெனில் ஹோஸ் வெடித்தால் தூக்கிய பாரம் விழுந்துவிடலாம்.

இப்போது நமது கேள்விக்குத் திரும்புவோம். இயந்திரம் முதலாளியுடையது, எண்ணெயும் முதலாளியுடையது. ஆனால் "எங்கே ஒழுகுது எண்டு கையை வைச்சுப் பார், தம்பி" என்று அவர் சொல்லும்போது, அந்தக் கை எவருடையது? நட்டம் எனக்குத்தானே என்று சொன்னவர் தம் நட்டத்தை ஒரு கூலியாளின் விரலிலே இறக்கி வைக்கிறார். அவர் அதை அறிந்து செய்யவில்லை எனலாம். அறிந்துகொள்ளவேண்டிய இடத்தில் இருப்பவர் அறியாதிருப்பதும் ஒரு குற்றமே என்று அறவியல் சொல்லும். இயந்திரத்தை வைத்திருப்பவன் அதனாற் பெறும் ஆதாயத்துக்கு உரியவன் என்றால், அது பிறருக்குத் தரும் ஆபத்தை அறிந்துவைத்திருக்கவும் கடமைப்பட்டவன்.

இன்னொரு தந்திரமும் உண்டு. ஒழுகும் வண்டியை நன்றாகக் கழுவி, எண்ணெயை நிரப்பி, புதுப் பெயின்ற் அடித்து விற்றுவிடுவது! வாங்குபவன் வந்து பார்க்கும் அரை மணி நேரத்தில் ஒரு துளியும் விழாது. "பார்த்துத்தானே வாங்கினான்" என்பது விற்றவனின் வாதம்.

இவ்வாதம் மிகப் பழையது. கிறிஸ்துவுக்கு முன் 44ஆம் ஆண்டில் றோமாபுரியின் சிசரோ கடமைகளைப் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பாகத்திலே, குறையுள்ள வீட்டை விற்பவன் அக்குறையைச் சொல்லவேண்டுமா என்ற வழக்கை எடுத்து, தியோகெனிஸ், அந்திபாத்தர் என்னும் இரு தத்துவஞானிகளின் எதிரெதிரான கருத்துகளை ஆராய்கிறார். பிறர் அறிந்தால் நன்மை பெறக்கூடிய ஒன்றைத் தன் இலாபத்துக்காக அவர் அறியாதபடி வைத்திருப்பது மறைப்பே என்பது அவர் முடிவு. 13ஆம் நூற்றாண்டிலே புனித தோமஸ் அக்குவினாஸ் இதே கேள்வியை இன்னும் நுட்பமாகப் பிரித்தார். குதிரைக்கு ஒரு கண் இல்லையென்றால் அது வெளிப்படையான குறை. விலையைத் தக்கபடி குறைத்துக்கொண்டால் அதை வாய்விட்டுச் சொல்லவேண்டிய கடமையில்லை. ஆனால் மறைவான குறை, அதுவும் வாங்குபவனுக்கு நட்டத்தையோ ஆபத்தையோ விளைவிக்கும் குறை என்றால், அதைச் சொல்லாமல் விற்பது அநீதி. பழைய வண்டியின் பெயின்ற் உரிந்திருப்பது ஒற்றைக் கண் குதிரை. அடித்தகட்டின் மேலே, எவரும் காணாத இடத்தில் ஒழுகும் ஹோஸ் அப்படியன்று. அதைப் பார்த்து அறிய வாங்குபவனால் இயலாது. அதனால் வரும் ஆபத்தோ அவனுக்கே.

இங்கே ஓர் ஏழை முறையிடக்கூடும். "இந்தப் பழைய வண்டிதான் என் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. புதுப் பம்பு வாங்க என்னிடம் பணமில்லை. நான் என்ன செய்ய?" இம்முறையீட்டை அறம் தள்ளிவிடவில்லை. இயலாத ஒன்றுக்கு எவரும் கடமைப்பட்டவரல்லர் என்பது பழைய நீதிமொழி. ஆனால் இயலாதது எது, இயன்றும் செய்யாதது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். புதிய பம்பு வாங்க இயலாதிருக்கலாம். ஒழுக்கு எவ்விடத்தில் என்று தேடிக் காண இயலும். ஓ றிங் ஒன்றின் விலை மிகச் சிறிது. சீலை மாற்றும்வரை கீழே ஒரு தட்டை வைத்து எண்ணெயை ஏந்த இயலும். ஏந்தியதை மண்ணில் ஊற்றாதிருக்க இயலும். "இந்த ஹோஸ் பலவீனம், கிட்டப் போகாதே" என்று வேலையாளிடம் சொல்ல ஒரு சதமும் தேவையில்லை.

அப்படியிருந்தும் நாம் ஏன் செய்வதில்லை? பெரும்பாலும் வறுமையினாலன்று, பழக்கத்தினாலே. முதல் நாள் ஒரு துளியைக் கண்டபோது மனம் துணுக்குற்றது. பத்தாம் நாள் அது இயல்பாயிற்று. நூறாம் நாள், எண்ணெய்ப் போத்தல் கையில் இருப்பதே வேலையின் ஒரு பகுதியாயிற்று. இன்று ஒன்றும் நடக்கவில்லை, ஆகவே நாளையும் நடக்காது என்று மனம் கணக்குப்போடுகிறது. 1986 ஜனவரி 28இல் 'சலெஞ்சர்' விண்ணோடம் புறப்பட்டு 73 விநாடியில் சிதைந்து எழுவர் மாண்ட பேரழிவிலே முதற் காரணமாயிருந்தது, அதன் உந்துகணையின் பொருத்துகளில் இருந்த ஓ றிங். அங்கே அது அடைத்து நின்றது எண்ணெயை அன்று, எரிதலால் உண்டான சூடான வாயுவை. முந்திய பயணங்களிலேயே அவ்வளையங்கள் எரிந்து அரிபட்டிருந்தமை தெரிந்தேயிருந்தது. ஒவ்வொரு முறையும் ஓடம் பத்திரமாகத் திரும்பியதால் அக்குறை பொறுத்துக்கொள்ளப்பட்டது. குளிரில் இறப்பர் விறைத்துவிடும், புறப்படவேண்டாம் என்று முதல்நாள் இரவு பொறியியலாளர் சிலர் எச்சரித்தனர், அச்சொல் எடுபடவில்லை. அங்கும் குறை அறியாததால் வந்த கேடன்று. அறிந்த குறை பழகிப்போனதால் வந்த கேடு.

ஒழுக்கைத் திருத்தும் முறையே நமக்கு நல்லதொரு பாடம். கைதேர்ந்த மெக்கானிக் முதலில் ஸ்பனரை எடுப்பதில்லை. கழுவுவதற்குத் தண்ணீரைத்தான் எடுக்கிறான். அழுக்குப் படிந்த இடத்தில் எங்கிருந்து ஒழுகுகிறதென்று எவராலும் காண முடியாது. கழுவிய பின், துளி விழும் இடத்தை அவன் நம்புவதில்லை. எண்ணெய் மேலே ஓரிடத்திற் கசிந்து, குழாய் வழியே ஓடி, வேறோரிடத்திலே சொட்டும். ஆகவே விழுந்த இடத்திலிருந்து மேல்நோக்கித் தேடுகிறான். இடத்தைக் கண்ட பின்னும் உடனே சீலை மாற்றுவதில்லை. பழைய சீல் ஏன் அறுந்தது என்று கேட்கிறான். தண்டிலே கீறல் இருக்கும்வரை புதுச் சீலும் அறுந்துபோம். ஹோஸ் இரும்போடு உரசும் இடத்தை விலக்கிக் கட்டாவிட்டால் புது ஹோஸும் தேயும். பிறகு எஞ்சினை நிறுத்தி, கைகளை நிலத்தில் இறக்கி, உள்ளே நிற்கும் அழுத்தத்தை விடுவித்துத்தான் நட்டைத் தளர்த்துகிறான். பூட்டும்போதும் பலங்கொண்ட மட்டும் இறுக்குவதில்லை. அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் பொருத்து நசுங்கும், வெடிக்கும். முன்னையதிலும் அதிகமாக ஒழுகும்.

இதற்கு மறுபுறமும் ஒன்று உண்டு. நல்ல நிலையிலுள்ள சிலிண்டரின் தண்டிலும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கும். அதுவே சீல் வரண்டு தேயாமல் காக்கிறது. அந்த ஈரத்தைக் கண்டு பதறி இயந்திரத்தை முழுவதும் கழற்றிப்போடுபவன் உள்ளதையும் கெடுப்பான். அறநூலார் மனச்சாட்சியின் நோய்களை இரண்டாகச் சொல்வர். ஒன்று, பெருங்குறையையும் குறையெனக் காணாத தளர்ந்த மனச்சாட்சி. மற்றது, குறையில்லாத இடத்திலும் குறை கண்டு அஞ்சும் மனச்சாட்சி. முன்னையது ஊற்றி ஊற்றி நிரப்பும். பின்னையது கழற்றிக் கழற்றிப் பூட்டும். கசிவு எது, ஒழுக்கு எது என்று பகுத்தறிவதே விவேகம்.

ஆகவே நமது கேள்விக்கு விடை இதுவாகும். தன் பொருளிலுள்ள குறை தன்னோடு முடிவதில்லை. ஒழுகுவது எதுவும் எங்கோ போய்ச் சேரும். சேருமிடத்தில் ஒரு மனிதன் இருக்கிறான். அவன் வேலையாளாக இருக்கலாம், அயலவனாக இருக்கலாம், நாளை அப்பொருளை வாங்குபவனாக இருக்கலாம். பழையதை வைத்திருப்பது குற்றமன்று. பழையதைத் திருத்தி வாழ்வது நற்பண்பே. ஆனால் பழையதை வைத்திருப்பவனுக்கு மூன்று கடமைகள் உண்டு: குறை எங்கே என்று தேடிக் காண்பது, திருத்தக்கூடியதைத் திருத்துவது, திருத்த முடியாததை அதனால் ஆபத்துக்குள்ளாகக் கூடியவனிடம் மறையாமல் சொல்வது.

இம்மூன்றும் இயந்திரம் வைத்திருப்போருக்கு மட்டும் உரியனவல்ல. நம் ஒவ்வொருவர் வீட்டிலும் நாம் ஊற்றி நிரப்பிக்கொண்டிருக்கும் ஏதோவொரு குறை உண்டு. அடுத்த முறை போத்தலைக் கையிலெடுக்குமுன், அது எங்கிருந்து ஒழுகுகிறது, எவர்மேல் விழுகிறது என்று ஒருகணம் குனிந்து பார்ப்போமாக.